படகுக்குப் படகு பேசும் பெட்டி

கொச்சித் துறைமுகத்திலிருந்து ஒரு விசைப்படகு கிளம்புகிறது. அதில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பலர் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். சூரை மீன் தேடி ஆழ்கடலுக்குப் போகிறார்கள். திரும்பி வரப் பல நாட்கள் ஆகும்.

கரையை விட்டுச் சில மைல் தூரம் போனதும் செல்போன் வேலை செய்யாது. அதன் கோபுரம் கரையில்தானே இருக்கிறது! பிறகு எப்படிப் பேசுவது?

படகின் அறையில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து சுருள் வயரில் ஒரு மைக் தொங்குகிறது. இதன் பெயர் வி.எச்.எப். கருவி. படகில் இருப்பவர்கள் வயர்லெஸ் என்றே சொல்வார்கள்.

மைக்கின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் பேசலாம். விட்டால் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும். ‘இனி நீங்கள் பேசுங்கள்’ என்று அதற்குப் பொருள். சிலர் மைக்கை வலைக்கு அடியில் போட்டுவிடுவார்கள். பொத்தான் அமுங்கியே கிடக்கும். அக்கம்பக்கத்துப் படகுகள் அந்தச் சானலில் எதையும் கேட்க முடியாது.

இதில் ரகசியம் பேச முடியாது. அதே சானலில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். மீன் பாடு நன்றாக உள்ள இடத்தைச் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பத்துப் படகு வந்து நிற்கும்!

அழைப்பதற்கும் ஆபத்தைச் சொல்வதற்கும் உரியது 16-ஆம் சானல். உலகம் முழுவதும் இதுதான். முதலில் அதில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். பிறகு அழைக்க வேண்டும்.

“கடல்ராணி, கடல்ராணி, கடல்ராணி. இது விண்மீன், விண்மீன். ஓவர்.”

“விண்மீன், இது கடல்ராணி. 72-க்கு வாங்க அண்ணே. ஓவர்.”

இரண்டு படகும் 72-ஆம் சானலுக்கு மாறிக்கொள்கின்றன. ஏன் மாற வேண்டும்? இவர்கள் 16-இலேயே ஊர்க்கதை பேசினால், மூழ்குகிறவர் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது.

இந்த ரேடியோ அலை நேர்கோட்டில் போகிறது. பூமியோ உருண்டை. அதனால் ஏரியல் எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம் கேட்கும். படகுக்குப் படகு என்றால் சுமார் 10 கடல் மைல் வரை கேட்கலாம். கையில் பிடிக்கும் சிறு கருவிக்கு இதில் பாதிகூடக் கிடைப்பது கடினம். ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர்.

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தது. அதற்கு முன்பே பல படகுகள் ஆழ்கடலுக்குப் போய்விட்டன. புயல் எச்சரிக்கை அவற்றை எட்டவில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பல வீடுகளுக்கு ஆள் திரும்பி வரவில்லை.

தூரத்துப் படகுக்குக் கரையின் குரல் கேட்காது. ஆனால் நடுவில் இருக்கும் படகுக்குக் கேட்குமே! அது அடுத்த படகுக்குச் சொல்லலாம். ஆறு படகுகள் 8 மைல் இடைவெளியில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் படகின் செய்தி 40 மைல் தாண்டிப் போய்விடும். நடுவில் ஒரு படகு பெட்டியை அணைத்து வைத்திருந்தால் சங்கிலி அறுந்துவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்க இதையா அணைப்பது?

இன்ஜின் நின்றுவிட்டது, உயிருக்கு உடனே ஆபத்து இல்லை என்றால் ‘பான் பான்’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். படகு மூழ்குகிறது, தீப்பிடித்துவிட்டது என்றால் சொல்ல வேண்டியது ‘மேடே’. குஜராத்திக்காரரானாலும் மலையாளியானாலும் இந்தச் சொல் ஒன்றுதான்.

“மேடே, மேடே, மேடே. இது விண்மீன், விண்மீன், விண்மீன்.” அடுத்து, படகு இருக்கும் இடம். ஜி.பி.எஸ். காட்டும் எண்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். பிறகு என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி, ‘ஓவர்’ சொல்லிப் பொத்தானை விட வேண்டும். பதில் இல்லையென்றால் மறுபடியும் அழைக்க வேண்டும். கரைக்குப் பக்கத்தில் செல்போன் கிடைத்தால், கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பதற்றத்தில் இந்த வரிசை மறந்துபோகும். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டலாம். படகின் பெயரும் எண்ணும் அதில் இருக்கட்டும். ஸ்ராங்குக்கு அடிபட்டுவிட்டால், சமையல் செய்கிறவர்கூட அதைப் பார்த்துப் படிக்கலாம். உப்புத் தண்ணீர் படாமல் இருக்க அட்டைக்கு மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும்.