காலையில் இருமும் எஞ்சின்: காசு செலவழிக்க முன் கவனிக்க வேண்டியவை



இன்று எமது தோட்டங்களில் ஆட்டோ என்பது ஆடம்பரப் பொருளல்ல. கொழுந்து மலைக்குப் போகும் தாயின் சம்பளத்தோடு, மகன் ஆட்டோ ஓட்டிக் கொண்டுவரும் காசும் சேர்ந்தால்தான் பல வீடுகளில் மாதம் ஓடுகின்றது. நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினாலும் லயத்து வாசலில் நிற்கும் ஆட்டோவைத்தான் நாம் தேடி ஓடுகிறோம். அந்த நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றுபோனால் என்ன செய்வது?

“காலையில மட்டும் இருமுது, ஸ்லோவுல நிக்குதில்ல, சூடேறினா சரியாயிடுது” என்பது எமது இளைஞர்கள் அடிக்கடி சொல்லும் குறை. உடனே ஒருவர் “காபரேட்டரை மாத்து தம்பி” என்பார். இன்னொருவர் “கொயிலை மாத்து” என்பார். லீசிங் கட்ட வைத்திருந்த காசு உதிரிப்பாகக் கடைக்குப் போய்விடும், குறையோ அப்படியே இருக்கும். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: “குளிரில் மட்டும்” என்ற சொல்லே நோயைக் காட்டும் முதல் அடையாளம். அதைப் பிடித்துக்கொண்டு, காசில்லாத சோதனையிலிருந்து ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

ஏன் குளிரில் மட்டும்?

பெற்றோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகுதான் எரியும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெற்றோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குளிரில் கொஞ்சம் கூடுதலான பெற்றோல் தேவை. அதற்காகத்தான் சோக் இருக்கின்றது. சோக்கை இழுத்தால் கலவையில் பெற்றோல் கூடும்.

எமது மலைநாட்டுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் டியூன் செய்த காபரேட்டர் வண்டியை இங்கே கொண்டுவந்தால், காற்று குறைந்து பெற்றோல் கூடிப்போகும். கீழ்நாட்டிலிருந்து பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் இங்குள்ள மெக்கானிக்கிடம் காட்டி ஸ்லோவைச் சரிசெய்துகொள்வது நல்லது.

முதலாவது: சோக் சோதனை

காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, சோக்கைக் கொஞ்சம் இழுத்தும் விட்டும் பாருங்கள். சோக் இழுத்தால் எஞ்சின் சீராக ஓடி, விட்டதும் நெடுநேரம் தடுமாறினால், பெற்றோல் போதவில்லை அல்லது எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது என்று பொருள். சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகிக் கரும்புகை வந்தால், பெற்றோல் ஏற்கனவே கூடிவிட்டது. இந்த ஒரு சோதனையே பாதி வழியைக் காட்டிவிடும். சோக் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தால் இழுத்தும் பயனில்லை. அதையும் பாருங்கள். எஞ்சின் சூடானதும் சோக்கைத் திரும்ப விட மறக்க வேண்டாம். மறந்தால் பெற்றோலும் வீண், பிளக்கும் கருகும்.

இரண்டாவது: பிளக்கின் நிறம்

எஞ்சின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண்ணிறம் என்றால் நல்லது. காய்ந்த கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூடுதல். பெரும்பாலும் எயார் கிளீனர் அடைத்திருக்கும், தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டிக்கு இது சாதாரணம். வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதாது. ஈரமாக, பெற்றோல் மணத்தோடு இருந்தால் நெருப்புப் பொறி பலமில்லை அல்லது பெற்றோல் வழிந்திருக்கிறது. மூடுபனி நாட்களில் பிளக் வயரும் மூடியும் ஈரமாகி வெடித்திருந்தாலும் இப்படி நடக்கும்.

மூன்றாவது: காற்றும் பெற்றோலும்

பெற்றோல் போதாது என்று தெரிந்தால், காபரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தைப் பாருங்கள். வண்டி ஸ்லோவில் ஓடும்போது அந்த இணைப்பில் சவர்க்காரத் தண்ணீர் சில துளி விடுங்கள். பிளக் வயரில் படக் கூடாது. எஞ்சின் சத்தம் மாறினால் காற்று அங்கேதான் இழுக்கிறது. ரப்பரோ பெக்கிங்கோ மாற்றினால் போதும்.

அங்கே குறையில்லாவிட்டால் காபரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். அதைக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துவாரம் பெருத்துவிடும். கேனில் நெடுநாள் வைத்த பெற்றோலும், தண்ணீர் கலந்த பெற்றோலும் இதே தொல்லையைத் தரும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் பெற்றோலைச் சேமித்து வைத்தார்கள். அந்தப் பழக்கம் வேண்டாம். லயத்து அறையில் பெற்றோல் வைப்பது குடும்பத்துக்கே ஆபத்து.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை தீராவிட்டால் டெப்பட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் குறையும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, வண்டியின் கையேட்டிலுள்ள அளவுப்படி வைக்க வேண்டும்.

இஞ்செக்சன் வண்டிகள்

புதிய கார்களில் இழுக்கும் சோக் கிடையாது. எஞ்சின் குளிரா சூடா என்று ஒரு வெப்ப சென்சர் கம்பியூட்டருக்குச் சொல்லும். அது பழுதாகி, குளிர்ந்த எஞ்சினைச் “சூடு” என்று சொன்னால் பெற்றோல் குறைந்து வண்டி தடுமாறும். காற்றுப் போகும் திரொட்டில் பகுதி அழுக்கானாலும் ஸ்லோ நிற்காது. இவற்றில் ஊகித்துப் பாகம் மாற்றாமல், முதலில் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

உயிர் முக்கியம்

குளிருக்குப் பயந்து மூடிய கொட்டிலுக்குள்ளோ, பிள்ளைகள் தூங்கும் ஜன்னலுக்கு அருகிலோ எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்க வேண்டாம். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். பெற்றோல் இருக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவும் கூடாது. டோர்ச் போதும்.

மெக்கானிக்கிடம் போகும்போது நான்கு விடயங்களைச் சொல்லுங்கள்: எப்போது குறை வருகிறது, சோக் இழுத்தால் என்ன ஆகிறது, பிளக் என்ன நிறம், கடைசியாக எதை மாற்றினீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, அடுத்த நாள் காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், பில்லையும் கொப்பியில் ஒட்டி வையுங்கள். கேள்வி கேட்டு வேலை வாங்குவது அவமரியாதை அல்ல. மலையில் வியர்வை சிந்திச் சேர்த்த காசு, அதைக் கணக்கோடு செலவழிப்போம்.