படிவம் ‘எஃப்’ கற்பிக்கும் பாடம்

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதில் அறம் எது என்ற விவாதம் தருமபுரி மாவட்டத்துக்குப் புதியதாகத் தோன்றலாம். ஆனால் நன்மைக்கும், பெண் கருவைக் கண்டறிந்து அழிக்கும் கொடுமைக்கும் ஒருங்கே பயன்பட்ட ஒரு கருவியை, அதாவது ஒலியலைகளால் கருவைப் படம்பிடித்துக் காட்டும் ஸ்கேன் இயந்திரத்தை, இம்மாவட்டம் முன்னரே கண்டிருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்ட 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இம்மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர்.

தாயின் உயிரையும் காப்பது அதே இயந்திரம் என்பதால் அதைத் தடைசெய்ய இயலவில்லை. எனவே 1994இல் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட கருவின் பாலினத் தெரிவுத் தடைச் சட்டம், கருவியைத் தடைசெய்யாமல் அதை இயக்குபவரைப் பொறுப்பாக்கியது. கர்ப்பிணியின் பெயர், முகவரி, முன்பு பிறந்த குழந்தைகள் எத்தனை ஆண், எத்தனை பெண், ஸ்கேன் எடுக்கும் காரணம் ஆகியவற்றைப் படிவம் ‘எஃப்’ என்னும் தாளில் நிரப்பி, கருவின் பாலினத்தை எவ்வகையிலும் தெரிவிக்கவில்லை என்று மருத்துவர் கையொப்பமிட வேண்டும். அப்பதிவில் குறை காணப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அதுவே சட்டமீறலாகக் கொள்ளப்படும். எழுத்துப் பிழைக்கும் கருக்கொலைக்கும் ஒரே தண்டனையா என்று மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு கேட்டது. அக்கேள்வியில் நியாயம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எனினும் பதிவேடே இச்சட்டத்தின் உயிர்நாடி என்ற நிலையில் நின்ற உச்ச நீதிமன்றம், 2019 மே 3 அன்று அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பதிவே இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதை, அண்மை ஆண்டுகளிலும் தருமபுரியில் கையடக்க ஸ்கேன் கருவிகளோடு பிடிபட்ட கும்பல்கள் காட்டுகின்றன.

இப்பாடத்தைச் செயற்கை நுண்ணறிவுக்கும் பொருத்திப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு 2020இல் பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை வெளியிட்டு, பொதுமக்களிடம் செல்லுமுன் ஒரு மென்பொருளை நேர்மை, தனியுரிமை, தணிக்கைக்கு இடமளித்தல் முதலிய அளவுகோல்களால் மதிப்பிடும் மதிப்பெண் அட்டை ஒன்றையும் வகுத்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் இவ்வளவு முன்கூட்டியே சிந்தித்தது பாராட்டுக்குரியது. ஆயினும் கொள்கை சட்டமன்று. அட்டை மென்பொருளுக்கு மதிப்பெண் இடுகிறதேயன்றி, பிழை நேர்ந்த நாளில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதைத் தண்டனைக்குரிய கடமையாக்கவில்லை. அரசின் மின்னாளுமை முகமை உருவாக்கிய ‘இ-பார்வை’ செயலி, கைப்பேசியில் எடுத்த கண்ணின் படத்தைக் கொண்டே கண்புரையைக் கண்டறிய உதவுகிறது. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் மலைப்பகுதியில் வாழும் ஒரு மூதாட்டியின் கண்ணில் புரை இல்லை என்று இத்தகைய கருவி தவறாகக் கூறினால், மருத்துவமனைக்குச் செல்லாமலே அவர் பார்வையை இழக்கக்கூடும். அந்த முடிவை ஏற்றவர் யார், எப்போது, எதன் அடிப்படையில் என்பது எங்கும் எழுதப்படாவிட்டால், முறையிடுவதற்கு அவருக்கு ஒரு தாள்கூட இராது.

எனவே, மனித உடலைப் பற்றி முடிவு கூறும் ஒவ்வொரு செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கும் படிவம் ‘எஃப்’ போன்ற ஒரு பதிவையும், அதன் அடியில் ஒரு மனிதரின் கையொப்பத்தையும் சட்டத்தின் வழியே கட்டாயமாக்கத் தமிழ்நாடு அரசு முன்வர வேண்டும்.