ஓய்வும் பயிற்சியே

நெற்குப்பை வட்டாரத்துக் கண்மாய்களிலும் பாசனக் கிணறுகளிலும் சுரைக்குடுக்கையை இடுப்பிற் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவர் பலர் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்துவிட்டனர். பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின், சர்க்கரை நோயையோ முழங்கால் வலியையோ முன்னிட்டு, அவருட் சிலர் மறுபடியும் நீரில் இறங்குகின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். உடலின் பாரத்தை நீரே பெரிதும் தாங்கிக்கொள்வதால் மூட்டுகளுக்குத் துன்பமில்லை. இதயமும் நுரையீரலும் வலுப்பெறுகின்றன. ஆயினும், இளமையில் நீந்தியவாறே இப்போதும் நீந்தலாம் என எண்ணுமிடத்தில் இடர் தொடங்குகிறது.

இதனை நாம் பட்டே அறிந்தோம். ஐம்பத்தைந்தாம் வயதில் மீண்டும் நீந்தத் தொடங்கிய நாம், நாள் தவறினால் பயனில்லை என்று கருதி ஆறு வாரம் இடைவிடாது நீந்தினோம். தோளில் எழுந்த மெல்லிய வலியைச் சோம்பலின் சாக்கு என ஒதுக்கினோம். ஒரு ஞாயிறு திருப்பலியில் அப்பத்தை உயர்த்த முற்பட்டபோது வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை. பீடத்தின்முன் அன்று நாம் அடைந்த கலக்கத்தை எழுத்தில் வடிக்க இயலாது. அதன்பின் மூன்று மாதம் நீரில் இறங்கவே முடியவில்லை.

நாம் அறியத் தவறியது இதுதான்: பயிற்சியின்போது தசை வலுவடைவதில்லை, சிறிது நைகிறது. அந்நைவை உடல் சீர்செய்து, தசையை முன்னிலும் உறுதியாக்குவது ஓய்விலும் உறக்கத்திலுமே. வயது ஏற ஏற இப்பணி மெதுவாகிறது. இருபதில் ஓரிரவில் தீரும் அயர்வு, ஐம்பதில் இரண்டு மூன்று நாள் நீடிக்கலாம். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் குருதியோட்டம் குறைந்தவை. ஆதலால் இன்னும் தாமதித்தே ஆறும். ஒரு கிலோமீட்டர் நீந்துவதற்குள் கைகள் பல நூறு முறை சுழல்வதை எண்ணினால், தோள் ஏன் முதலில் முறையிடுகிறது என்பது விளங்கும்.

முதுமை நீச்சலுக்குத் தடையன்று. ஜப்பானிய மூதாட்டி மியெகோ நாகஓகா, எண்பது வயதையொட்டியே முழங்கால் நலத்திற்காக நீந்தத் தொடங்கினார். 2015இல், நூறாம் வயதில், 1,500 மீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் நீந்தி முடித்தார். நமக்கு அண்மையில், 2021 மார்ச்சில், தெலங்கானாவின் சியாமளா கோலி நாற்பது வயதைக் கடந்தவராய்த் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை ஏறத்தாழ பதினான்கு மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். இத்தகைய நெடுநீச்சலுக்கு ஆயத்தமாவோரும் இறுதி ஓரிரு வாரங்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்வது வழக்கம்.

ஆதலின் மூத்த நீச்சலர் வாரம் மூன்று நாள் நீந்தி, இடையே ஒரு நாள் விடுவது நன்று. அம்மூன்றில் ஒரு நாள் மட்டும் கடுமையாக இருக்கட்டும். மூன்று வாரம் படிப்படியாகக் கூட்டினால், நான்காம் வாரம் குறைத்துக்கொள்க. ஓய்வு நாளில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை, மெல்ல நடக்கலாம். நெடுநாள் அசையாதிருந்தால் வலுவும் விரைவில் குன்றும்.

காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பை எண்ணிப் பழகுங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்புக் கூடியிருந்தாலும், உறக்கம் கெட்டுக் காரணமின்றி எரிச்சல் மிகுந்தாலும், உடல் ஓய்வு கேட்கிறது எனக் கொள்க. ஏழெட்டு மணி உறக்கமும், பருப்பு, முட்டை, மீன் போன்ற உணவும் தேவை. முதுமையில் தாகம் குறைவாகவே தோன்றுமாதலால், தாகமெடுக்குமுன் நீர் பருகுக. மார்வலியோ வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்க. கிணற்றிலும் கண்மாயிலும் தனித்து இறங்கவே வேண்டா.

குப்பை என்னும் சொல்லுக்குக் குவியல் என்பது பழம்பொருள். நெல்லைக் குவியலாகத் தந்த வயலை உழவர் அறுவடைக்குப்பின் தரிசாக விடுவதை இவ்வூரார் கண்டிருக்கின்றனர். அதனைச் சோம்பல் என எவரும் சொன்னதில்லை. நாமும் இப்போது திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் மட்டுமே நீந்துகிறோம். சனிக்கிழமை நீரில் இறங்குவதில்லை. ஞாயிறன்று கை உயர்கிறது.