கரிசல் மண்ணும் பிள்ளைகளின் தட்டும்



வார்டுகளைச் சுற்றி வருகையில் வெளிறிய பிள்ளை முகங்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. டானிக் மட்டுமே இதற்கு மருந்தல்ல.

1956-இல் பக்கத்து எட்டயபுரத்தில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பசிக்கு அது பெரிய விடை. ஆனால் வரவர அரிசி வந்து, கம்பும் சோளமும் தட்டைவிட்டுப் போயின. நூறு கிராம் கம்பில் இரும்புச்சத்து சுமார் 6 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் ஒன்றுகூட இல்லை.

கம்பிலுள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்ந்துவிடாது என்பதும் உண்மை. மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் கூடுதலாகச் சேரும். நம் பாட்டிமார் கூழை அப்படித்தான் காய்ச்சினார்கள். தொட்டுக்கொள்ள நெல்லிக்காய் இருந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்டவுடன் டீ வேண்டாம். (பிஸ்கட்டுக்கு நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எவ்வளவோ மேல்!)

“பிள்ளை கூழைத் தொடமாட்டேன் என்கிறதே ஐயா” என்கிறார்கள் தாய்மார். நியாயம்தான். திருவண்ணாமலை அருகே 2009-இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி ஒரு வழி காட்டுகிறது. பாடத்தோடு பண்ணையும் உண்டு. மதியச் சாப்பாடு இயற்கை முறையில் விளைந்தது. தான் களையெடுத்த செடியில் காய்த்ததைப் பிள்ளை எளிதில் ஒதுக்காது என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

இங்கும் அது முடியும். மானாவாரிப் பயிர்களுக்கென்றே கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யோசனை கேட்க அதிக தூரம் போகவேண்டாம். புரட்டாசியில் பள்ளி வளாகத்தில் ஒரு சென்ட் கம்பு விதைத்தால், தை பிறக்குமுன் பிள்ளைகள் பச்சைக் கதிரைக் கசக்கி வாயில் போட்டுக்கொள்ளலாம்.