நீருக்குள்ளே ஒரு தாகம்!

கடலுக்குள் இருப்பவனுக்குத் தண்ணீர்ப் பஞ்சமா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், முதுகில் காற்றுக் கலத்தைக் கட்டிக்கொண்டு முக்குளிப்பவர்களின் உடல், சுற்றிலும் நீர் சூழ்ந்திருக்கும்போதே வறண்டு போகிறது!

1943-ல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் எஞ்சினீயர் எமில் கானியானும், மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவியை உருவாக்கினார்கள். 'ஸ்கூபா' முக்குளிப்பு உலகெங்கும் பரவ அது வழி திறந்தது.

வறண்ட காற்று

கலத்துக்குள் ஈரம் இருந்தால் துருப்பிடிக்கும். ஆகவே, ஈரத்தை நீக்கிவிட்டே காற்றை அடைக்கிறார்கள். அந்த உலர்ந்த காற்றை நனைப்பது முக்குளிப்பவரின் மூச்சுக்குழாயின் வேலை. ஒவ்வொரு மூச்சிலும் உடல்நீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது.

இது மட்டுமா? நீரின் அழுத்தமும் குளிரும் கைகால்களின் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகின்றன. ரத்தம் மிகுந்துவிட்டதாக உடல் ஏமாறுகிறது. சிறுநீரகங்கள் நீரை இறைத்துத் தள்ளுகின்றன. இறங்குமுன்பே வெயிலில் ரப்பர் உடைக்குள் வியர்வை; படகில் வாந்தி!

ரத்தத்தில் குமிழி

30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தைப்போல் 4 மடங்கு. அங்கே சுவாசிக்கும் நைட்ரஜன் வாயு ரத்தத்திலும் தசைகளிலும் கரைந்துவிடும். மேலே வரும்போது அது நுரையீரல் வழியே மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால், சோடா புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலி வரும், கைகால் முடங்கலாம், உயிரே போகலாம்.

உடலில் நீர் வற்றினால் ரத்த ஓட்டம் தளரும். நைட்ரஜன் வெளியேறுவதும் தாமதமாகும். பன்றிகளைக் கொண்டு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், உடல்நீர் குறைந்த பன்றிகளுக்கே இந்நோய் அதிகமாகக் கண்டது.

என்ன செய்வது?

ரப்பர் உடையைக் கழற்றச் சோம்பி, 'சிறுநீர் வருமே' என்று தண்ணீரைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அது ஆபத்தான சிக்கனம். முந்தின நாளிலிருந்தே சிறிது சிறிதாகக் குடித்து வரவேண்டும். இரண்டு முக்குளிப்புகளுக்கு நடுவிலும் குடிக்க வேண்டும். மது கூடாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது; அடர்ந்த நிறமானால் எச்சரிக்கை. ஒரேயடியாகக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு.

ஒன்றை மறக்கக்கூடாது. தண்ணீர் துணைதான், காவல் அல்ல. ஆழத்துக்கும் நேரத்துக்கும் உள்ள வரம்பை மீறி, விரைந்து மேலே வருபவரை எத்தனை குவளைத் தண்ணீரும் காப்பாற்றாது.