தைராய்டுப் புற்றுநோய்: அறிக்கையில் 'டால் செல்' என்று இருந்தால் என்ன பொருள்?

தைராய்டுப் புற்றுநோய் என்றதும் "பயப்படாதீங்க, குணமாகிடும்" என்று பலர் ஆறுதல் சொல்வதுண்டு.

ஆக அதிகமாகக் காணப்படும் பேப்பிலரி வகைக்கு அது பெரும்பாலும் உண்மைதான்.

ஆனால் அதிலேயே அரிதான துணைவகை ஒன்று சற்று வேகமானது. அதுதான் 'டால் செல்', அதாவது உயரமான உயிரணு வகை.

ஏன் அந்தப் பெயர்?

நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணுக்களின் உயரம், அகலத்தைப்போல் குறைந்தது 3 மடங்கு இருக்கும்.

கட்டியில் குறைந்தது 30 விழுக்காடு அத்தகைய உயிரணுக்கள் இருந்தால் அது இந்த வகை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாடு.

பொதுவாக, அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டியை ஆராய்ந்த பிறகே இது உறுதியாகும்.

வழக்கமான வகையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

- சற்று வயதானவர்களிடம் அதிகம் காணப்படுகிறது
- தைராய்டைத் தாண்டியும் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவும் சாத்தியம் அதிகம்
- சிலருக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை பலனளிக்காமல் போகலாம்

குணமாகுமா?

பலருக்குக் குணமாகும். வயது, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, கட்டியை முழுமையாக அகற்ற முடிந்ததா ஆகியவற்றைப் பொறுத்தது அது.

ஆனால் நோய் திரும்பும் சாத்தியம் கூடுதல். அதனால் "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று ரத்தப் பரிசோதனையையும் கழுத்து ஸ்கேனையும் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

"எனக்கு வந்திருப்பது எந்தத் துணைவகை? தைராய்டைத் தாண்டியிருக்கிறதா? அடுத்த பரிசோதனை எப்போது?"