வரித்தலை வாத்தை யார் பார்த்தது?

தென்காசியிலிருந்து கிழக்கே எந்தச் சாலையில் போனாலும் சற்று நேரத்துக்குள் ஒரு குளத்தங்கரை எதிர்ப்பட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய குளங்கள் மார்கழியில் நிறைந்து நிற்கும். அப்படி ஒரு மார்கழிக் காலையில் நீங்கள் கரைமேல் சைக்கிளில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கொக்குகளுக்கும் நீர்க்காகங்களுக்கும் அப்பால், நீர் ஓரத்துப் புல்லில் ஐந்தாறு சாம்பல் நிறப் பறவைகள் மேய்கின்றன. வீட்டு வாத்தைவிடப் பெரியவை. தலை வெள்ளை. பின்னந்தலையில் குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டைகள். அலகும் கால்களும் மஞ்சள்.

பள்ளிக்கூடம் போனதும் நண்பனிடம், “டேய், இன்னைக்கு ஒரு புது வாத்து பார்த்தேன்டா” என்பீர்கள். “எத்தனை?” என்பான் அவன். “நிறைய இருந்துச்சு” என்பீர்கள். அத்துடன் மணி அடித்துவிடும். பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும்போது எந்தக் குளம், எந்த நாள் என்பதே மறந்துபோயிருக்கும்.

இதில் பறவைக்கு நட்டம் ஏதுமில்லை. ஆனால் ஓர் அளவீடு தொலைந்துபோயிற்று. நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். செய்முறைத் தேர்வில் ஊசலின் அலைவு நேரத்தைக் குறிக்காமல் “ஊசல் நன்றாக ஆடியது” என்று எழுதும் மாணவனுக்கு என்ன மதிப்பெண் கிடைக்குமோ, “நிறைய வாத்து பார்த்தேன்” என்பதற்கும் அதுதான் கிடைக்கும்.

அந்தப் பறவையின் பெயர் வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத்து, கிர்கிசுத்தான் ஆகிய இடங்களின் உயரமான ஏரிக்கரைகளில் கோடையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் அங்கே நீர் உறைந்துவிடும், புல் பனியில் மூழ்கிவிடும். ஆகவே தெற்கே வருகிறது. பல வட இந்தியாவிலேயே தங்கிவிடுகின்றன. ஒரு பகுதி தக்காணத்தைக் கடந்து தமிழ்நாட்டின் தென்கோடிவரை வந்துவிடுகிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் இந்த விருந்தாளிக்குப் பெயர்பெற்ற இடம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. பின்னர் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

தொலைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். மங்கோலியாவின் ஏரிகள் ஏறக்குறைய 48 பாகை வடக்கு அட்சத்தில் உள்ளன. கூந்தன்குளம் எட்டரைப் பாகை. ஓர் அட்சப் பாகைக்கு 111 கிலோமீட்டர். வடக்கு தெற்காக மட்டுமே ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். கூந்தன்குளத்திலிருந்து தென்காசிக்கோ நேர்கோட்டில் 70 கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரம் வந்த பறவைக்கு இது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பறத்தல். ஆகவே உங்கள் ஊர்க் குளத்தில் ஒருநாள் அது இறங்கினால் வியக்க வேண்டியதில்லை. ஆனால் குறித்துக்கொள்ள வேண்டும்.

வழியில் இமயமலை இருக்கிறதே! எவரெஸ்டு சிகரத்துக்கும் மேலே இந்த வாத்துகள் பறந்ததாக மலையேறிகள் சொன்ன கதை பல பாடநூல்களில் ஏறியிருந்தது. கண்ணால் கண்டதாகவும் இரவில் குரலைக் கேட்டதாகவும் சொல்லப்பட்ட செய்தி அது. உயரத்தை அளந்தவர் யாருமில்லை. பின்னர் விஞ்ஞானிகள் வாத்துகளின் முதுகில் செயற்கைக்கோளுடன் பேசும் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, பதிவான மிக அதிக உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலான நேரம் அதற்கும் வெகு கீழேயே கணவாய்களின் வழியாக அவை பறந்தன. எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும்.

கதை சுருங்கியதால் பறவையின் பெருமை குறைந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 7,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் ஐந்தில் இரண்டு பங்குதான். காற்றின் அடர்த்தி பாதிக்கும் குறைவு. இறக்கை கீழே தள்ளுவதற்குக் காற்று குறைவு, மூச்சுக்கும் குறைவு. இரட்டைத் தொல்லை. இந்த வாத்தின் இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், சமவெளி வாத்துகளுடையதைவிட எளிதாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். அது போதாது என்று பறவை ஒரு தந்திரமும் செய்கிறது. 2015இல் வெளியான ஆராய்ச்சியில் இதயத் துடிப்பையும் இறக்கையடிப்பையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். வாத்துகள் உயரே ஏறி அங்கேயே நேராகப் பறக்கவில்லை. மலை ஏறினால் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, மறுபடி ஏறிச் சென்றன. பெற்ற உயரத்தை வீணாக்குவதுபோல் தோன்றும். ஆனால் மெல்லிய காற்றில் உயரத்தைக் காத்துக்கொண்டு பறப்பதற்கு ஆகும் செலவு அதைவிட அதிகம் என்று துடிப்புக் கணக்கு காட்டியது. இரவிலும் விடியற்காலையிலும் மலையைத் தாண்டுவதை அவை விரும்புகின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தியானது அன்றோ?

இத்தனை கருவிகள் வந்தபின் கரையில் நிற்கும் மாணவனின் கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கருவி கட்டிய பறவைகள் சில நூறு இருந்தால் அதிகம். கட்டாத பறவைகள் பல்லாயிரம். அவை எந்தக் குளத்தில் எந்த மாதம் எத்தனை இருந்தன என்பதைக் கரையில் நிற்பவர்தான் சொல்லியாக வேண்டும்.

பறவைகளின் பயணமே இப்படிச் சிதறிய செய்திகளால் வெளிப்பட்டதுதான். 1822இல் ஜெர்மனியில் ஒரு நாரையைச் சுட்டார்கள். அதன் கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு ஒன்று ஊடுருவியிருந்தது. குளிர்காலத்தில் நாரைகள் எங்கே போகின்றன என்ற பழைய கேள்விக்கு அந்த அம்பு விடை சொன்னது. (ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அந்த நாரையைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.) 1899இல் டென்மார்க்கின் மார்ட்டென்சன் என்னும் பள்ளி ஆசிரியர், மைனாவின் உறவான குருவிகளுக்கு எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். எங்கோ ஒருவர் அந்த வளையத்தைக் கண்டு எழுதினால்தான் அவருக்குப் பலன். மங்கோலியாவில் வரித்தலை வாத்துகளின் கழுத்தில் தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய எழுத்தும் எண்ணும் கொண்ட பட்டை மாட்டப்பட்டது. கர்நாடகத்தின் மைசூர்ப் பக்கக் குளங்களில் அந்தப் பட்டைகளை வாசித்தவர்கள், பைனாகுலரும் பொறுமையும் கொண்ட பறவை நோக்கர்கள். 2005இல் சீனத்தின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் மாண்டன. மாண்டவற்றில் வரித்தலை வாத்துகள் மிகுதி. அதன் பிறகு இந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்பது கோழிப்பண்ணைக்காரருக்கும் மருத்துவருக்கும் வேண்டிய செய்தி ஆகிவிட்டது.

சரி, கரைக்குத் திரும்புவோம். நம் பகுதியில் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆகையால் தண்ணீரைத் தடுக்கும் கரை பெரும்பாலும் குளத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பறவைமீது முழு வெளிச்சம் விழும், பின்னணியில் குற்றால மலை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதே இடத்தில் மாலையில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்புதான்! நண்பகலும் வேண்டாம். சூடேறிய கரைமேல் காற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறி ஒளிக்கதிரை வளைப்பதால் உருவம் நெளியும். பட்டை ஒன்றா இரண்டா என்றே தெரியாது.

பைனாகுலரில் 8×40 என்று எழுதியிருந்தால், 8 என்பது உருப்பெருக்கம், 40 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். 400 மீட்டர் தொலைவில் உள்ள வாத்து 50 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். 40ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5 மில்லிமீட்டர், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். விடியலின் மங்கல் வெளிச்சத்துக்கு அது நல்ல அளவு. பைனாகுலர் இல்லையென்றால் பள்ளியில் நாலு பேர் சேர்ந்து ஒன்றைப் பயன்படுத்தலாம்.

தவறாக அடையாளம் காணவும் இங்கே வாய்ப்பு உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் பெருங்கூட்டமாக வளர்ப்பு வாத்துகளை ஓட்டி வருவார்கள். குளத்தில் புள்ளிமூக்கு வாத்தும் நிற்கும். ஆகவே “வரித்தலை வாத்து” என்று எழுதினால் போதாது. ஏன் அப்படி முடிவு செய்தீர்கள் என்றும் எழுதவேண்டும். தலையின் இரண்டு பட்டைகள் தெரிந்தனவா, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? புகைப்படம் மங்கலாக இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். அரிய பறவை என்றால் அனுபவசாலிகள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். உங்களைப் பொய்யர் என்று அவர்கள் நினைப்பதாகக் கோபிக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் இரண்டாம் முறை அளவெடுக்கச் சொல்வதில்லையா, அதுபோலத்தான்.

எண்ணிக்கையிலும் நேர்மை தேவை. ஆறு வாத்துகளை எண்ணினால் 6 என்று எழுதுங்கள். முந்நூறு கிளுவைகள் நெருங்கி மிதந்தால், பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, கூட்டத்தில் அத்தகைய இடங்கள் எத்தனை என்று மதிப்பிட்டு, “மதிப்பீடு” என்றே குறியுங்கள். மற்றொன்றையும் மறந்துவிடாதீர்கள். விருந்தாளி வராத நாளும் பதிவுக்கு உரியது. அன்று கண்ட கொக்கு, மடையான், முக்குளிப்பான் எல்லாவற்றையும் முழுப் பட்டியலாக எழுதினால், பட்டியலில் வாத்து இல்லை என்பதும் ஒரு தகவல் ஆகிவிடும். அரிய பறவையைக் கண்ட நாளை மட்டும் எழுதுபவரின் நோட்டைப் பார்த்தால், அது தினமும் வருகிறது என்றே தோன்றும்!

பதிவுகளைப் பகிர்வது நம் நாட்டில் புதிதல்ல. 1960களில் ஜாபர் புத்தேஹல்லி நடத்திய பறவை நோக்கர் செய்தி மடல், ஊர் ஊராக வரும் கடிதங்களைத் தொகுத்துச் சுற்றுக்கு விட்டது. தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களோடு தென்காசி மாவட்டக் குளங்களும் அதில் அடங்கும். மாணவர்களும் ஆர்வலர்களும் குழுக்களாகப் பிரிந்து கரைகளில் நின்று எண்ணுகிறார்கள். 2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவை ஆய்வகம் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற தொகுப்பில் இந்தியப் பதிவுகளும் குவிகின்றன. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர்களின் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு தயாரானது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தகவல் இருந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்து வருவதாக அது கண்டது. தனி ஒருவரின் நோட்டில் இந்தக் குறைவு தென்படாது.

இனி ஒரு சங்கடமான கேள்வி. அரிய விருந்தாளி வந்த இடத்தை எல்லாருக்கும் சொல்லிவிடலாமா? சொன்னால் நாளைக் காலையில் கரைமேல் இருபது மோட்டார் சைக்கிள் நிற்கும். படம் பிடிக்க ஒருவர் சேற்றில் இறங்குவார், வாத்துகள் எழும்பிவிடும். 4,000 கிலோமீட்டர் பறந்து இளைத்த பறவைக்கு மேய்ச்சல் நேரம் உயிர் போன்றது. உண்டிவில்லும் வலையும் வைத்திருப்பவர் காதிலும் செய்தி விழும். கூட்டில் முட்டையோடு இருக்கும் பறவை என்றால் இடத்தைச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து.

ஆனால் சொல்லாமல் மறைப்பதும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே ஆண்டுதோறும் அமூர் வல்லூறுகள் பெருந்திரளாகத் தங்கிச் செல்லும். அங்கே அவை வலைவீசிப் பிடிக்கப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்படுவதை 2012இல் பார்த்தவர்கள் படத்தோடு உலகுக்குச் சொன்னார்கள். ஊர் மக்களே கூடிப் பேசி வேட்டையை நிறுத்தினார்கள். 2013 நவம்பரில் அங்கே மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்டார்கள். பாங்தி என்பது அந்த ஊர் ஒன்றின் பெயர். அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா சென்ற வல்லூறுகளின் பாதையை ஊரார் தங்கள் பிள்ளையின் பயணம்போல் பின்தொடர்ந்தார்கள்.

நம் குளங்களுக்கும் இது பொருந்தும். ஒரு குளத்தில் மண் அள்ளும்போதோ, உள்வாயில் கட்டடம் எழும்பும்போதோ, “இங்கே எதுவும் வருவதில்லை” என்று ஒருவர் சொல்லலாம். ஏழெட்டு ஆண்டுகளின் தேதியிட்ட பட்டியல் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. ஆகவே கணக்கெடுப்பவர்களிடம் உடனே தெரிவியுங்கள், கூட்டம் கூடும் இடங்களில் சில நாள் பொறுத்துச் சொல்லுங்கள். சாதாரணக் குளத்துப் பறவைக்கு இந்த முறையே போதும் என்று எண்ணுகிறேன்.

தை பிறந்து மாசியும் கழியும்போது குளங்கள் வற்றத் தொடங்கும், வாத்துகளும் வடக்கே திரும்பும். முதலில் கண்ட நாளைப் பலர் எழுதிவைப்பார்கள். கடைசியாகக் கண்ட நாளை எழுதுபவர் குறைவு. காரணம் எளிது. கடைசி நாள் அன்றைக்கு அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வாரம் ஒருமுறையாவது, பங்குனி வரைக்கும், அதே கரையில் அதே நேரத்தில் நின்று பட்டியல் எழுதுங்கள்.